தம்பித்துரை அண்ணைக்கு வராத அதிர்ச்சி

அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த பாவி நான்தான். ஆகவே நடந்ததைச் சொல்லவேண்டிய கடமையும் என் தலையில்தான் விழுகிறது. என் பெயர் குமுதினி. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்து வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனத்தின் படிவங்களைச் சும்மா நிரப்பிக் கொடுப்பது என்னிடம் உள்ள கெட்ட பழக்கம்.

தம்பித்துரை அண்ணை யாழ்ப்பாணத்தில் ஏழு வருஷம் கணிதம் படிப்பித்தவர். தொண்ணூற்றொன்றில் ஜெர்மனிக்கு வந்தார். அவருடைய ஆசிரியர் சான்றிதழை இங்கே மூன்று அலுவலகங்கள் வாங்கிப் பார்த்தன. முத்திரை அழகாக இருக்கிறது, ஆனால் ஜெர்மன் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க இது போதாது என்று மூன்றும் ஒரே குரலில் முடிவு சொல்லின. அதன்பிறகு முப்பத்திமூன்று வருஷம் ஒரு தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தார். ஓய்வுபெற்ற அந்தக் கிழமையே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பிள்ளை, ஒரு அன்ட்ராக் படிவம் நிரப்பவேணும். ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போறன்."

"இந்த வயசிலையோ அண்ணை? யோகம் அக்கா என்ன சொல்லுறா?"

"வீட்டுக்காரி ஓமெண்டிட்டா. இன்னும் ஒருக்கா கரும்பலகைக்கு முன்னால நிக்கவேணும் பிள்ளை. இங்க விடமாட்டினம். அங்க கணக்குப் படிப்பிக்க ஆளே இல்லையாம்."

ஹாலே நகரத்தில் 'கண்டங்களின் கரங்கள்' என்றொரு சங்கம் இருக்கிறது. ஆபிரிக்கக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஜெர்மனியிலிருந்து தன்னார்வ ஆசிரியர்களை அனுப்புவது அதன் வேலை. ஜெர்மனியில் படிப்பிக்கப் போதாத அண்ணையின் சான்றிதழை இந்தச் சங்கம் கேட்கவேயில்லை. ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கச் சான்றிதழ் எதற்கு? உள்ளத்தின் உந்துதலை விளக்கி ஒரு கடிதம் மட்டும் எழுதச் சொன்னார்கள். அண்ணை இரண்டு வரி எழுதினார்: எனக்குக் கணிதம் படிப்பிக்கத் தெரியும். அங்கே கணித ஆசிரியர் இல்லை.

கடிதம் திரும்பி வந்தது. உந்துதலில் ஆழம் இல்லையாம். நான் உட்கார்ந்து, 'அந்நியமானவற்றின் முன் என் எல்லைகளைத் தொட்டுப் பார்க்கவும், நொறுங்கி மீண்டும் பிறக்கவும் விரும்புகிறேன்' என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு பக்கத்துக்காக இன்றுவரை நான் வெட்கப்படுகிறேன்.

முதலில் பன்னிரண்டு நாள் ஆயத்த வகுப்பு. ஹார்ஸ் மலைக் காட்டுக்குள் ஒரு பழைய பண்ணைவீடு. பதினெட்டுப் பேரில் அண்ணையைத் தவிர மற்ற எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது வயது. பயிற்றுநர் மால்ட்டேக்கு இருபத்தாறு. அவன் நமீபியாவில் மூன்று கிழமை நின்றவன். ஆகவே ஆபிரிக்கா பற்றி அவன் சொல்வதே சங்கத்துக்கு வேதம்.

மூன்றாம் நாள் எளிமை நாள். வீட்டின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் முற்றத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனான். வாளியை எப்படி இறக்குவது, கயிற்றை எப்படிப் பிடிப்பது, தண்ணீரை எப்படி மதிப்பது என்று இருபது நிமிஷம் விளக்கினான். அண்ணை வாளியை விட்டு, கயிற்றை ஒரு சுண்டு சுண்டி, நிரப்பித் தூக்கி வைத்துவிட்டு, அடுத்த வாளி எங்கே என்று கேட்டார். 'இயற்கையான திறமை' என்று மால்ட்டே குறித்துக்கொண்டான். மத்தியானம் கையால் சாப்பிடும் பயிற்சி. உணவோடு உறவை உணர்ந்து ஒரு மணித்தியாலம் சாப்பிடவேண்டுமாம். அண்ணை ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டுக் கைகழுவினார். 'செயல்முறைக்குள் நுழையவில்லை' என்று அதையும் குறித்தான்.

பின்னேரம் வசதியைக் காலால் உணரும் பயிற்சி. எல்லோரும் ஒரு கோட்டில் நிற்கவேண்டும். மால்ட்டே கேள்வி கேட்பான். வாழ்க்கையில் அந்த வசதி இருந்தவர் ஓர் அடி முன்னே, இல்லாதவர் ஓர் அடி பின்னே. உன் வீட்டில் எப்போதும் மின்சாரம் இருந்ததா? அண்ணை பின்னே. நீ படித்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை இருந்ததா? குண்டு விழும்வரைக்கும் இருந்தது என்றார் அண்ணை. அதற்கு அரை அடியா ஓர் அடியா என்று கலந்துபேசி, ஓர் அடி பின்னே என்றார்கள். பன்னிரண்டாவது கேள்வியில் அவருடைய முதுகு கதவில் முட்டியது. கதவைத் திறந்து தொடரும்படி மால்ட்டே சொன்னான். வெளியே மழை. மற்றவர்கள் உள்ளே வட்டமாக இருந்து, தங்கள் வசதிகளை எண்ணி அழுதார்கள். அண்ணையைக் கூப்பிட எல்லோரும் மறந்துபோனார்கள்.

"நனைஞ்சபடி என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"கிணத்துக்கு மூடி போடாம விட்டிருந்தவை. போட்டன்."

கடைசி நாள் சங்கத் தலைவி டொக்டர் லூடெக்கே வந்து உரையாற்றினார். வாயில் வெண்ணெய் உருகுவதுபோலப் பேசுகிறவர். "முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஹாலேயிலிருந்து பாதிரிமார் ஆசிரியர்களாகப் புறப்பட்டு உங்கள் தமிழ் மக்களிடம் சென்றார்கள், திரு தம்பித்துரை. அவர்கள் எழுதிய கடிதங்கள் இன்றும் இந்த ஊரில் பத்திரமாக உள்ளன. இன்று உங்களையே நாங்கள் ஆசிரியராக அனுப்புகிறோம். நாங்கள் எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டோம் என்று எண்ணும்போது எனக்கே நெகிழ்ச்சியாக இருக்கிறது" என்றார். அண்ணை கையை உயர்த்தி, அங்கே எட்டாம் வகுப்புக்கு என்ன பாடப்புத்தகம் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "கேள்வியோடு வாழப் பழகுங்கள்" என்றார் டொக்டர் லூடெக்கே.

பிறகு எல்லோருக்கும் ஒரு படம் கொடுத்தார்கள். கலாசார அதிர்ச்சியின் வளைகோடு. முதல் மாதம் உச்சியில் மகிழ்ச்சி. மூன்றாம் மாதம் கோடு கீழே விழுந்து அதிர்ச்சி: அழுகை, கோபம், வீட்டு நினைவு. ஆறாம் மாதம் மெல்ல ஏறித் தெளிவு. அனுப்பப்படும் ஒவ்வொருவரும் இந்தக் கோட்டில் நடந்தே தீருவார் என்பது சங்கத்தின் இருபது வருஷ அனுபவம். கீழே கையொப்பம் வாங்கினார்கள். அண்ணை மற்றக் கடதாசிகளோடு அதையும் ஒப்பமிட்டுக் கொடுத்தார்.

செப்டெம்பரில் மலாவிக்குப் போனார். வடக்கே, ஏரியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு கிராமம். தலைமை ஆசிரியை திருமதி கும்வென்டா, ஐந்து ஆசிரியர்கள், எண்ணூறு பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் எழுபத்தொரு பேர். மே மாதத்தில் அவர்களுக்கு அரச பரீட்சை. அதில் நன்றாகச் செய்தால்தான் மேல்பள்ளியில் இடம். இரண்டு வருஷமாகக் கணித ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் பின்னத்திலேயே நின்றார்கள்.

அண்ணை எனக்குக் குரல்பதிவு அனுப்புவார். விடிய ஐந்து மணிக்கு எழும்பி அடிபம்பில் தண்ணீருக்கு வரிசையில் நிற்பார். ஆம்பிளை தண்ணீர் எடுக்க வருகிறார் என்று பெண்கள் முதல் கிழமை சிரித்தார்கள், இரண்டாம் கிழமை இடம்பிடித்து வைத்தார்கள். சோளமாக் களியும் ஏரியில் பிடித்த சின்னக் கருவாடும் சாப்பாடு. "எங்கட நெத்தலி மாதிரித்தான். கொஞ்சம் மிளகாய் நட்டிருக்கிறன்" என்றார். கரும்பலகை வெளிறிப்போய்க் கிடந்தது. கரியை அரைத்து ஏதோ இலைச்சாற்றில் குழைத்து, அவரும் திருமதி கும்வென்டாவும் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பூசினார்கள். காலையில் ஏழாம், எட்டாம் வகுப்புகள். பின்னேரம் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மரத்தடியில் மறுபடியும் பின்னம். "பிள்ளை, எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு" என்று ஒருநாள் சொன்னார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை முப்பது வருஷத்தில் நான் அவரிடம் கேட்டதில்லை.

கஷ்டம் ஹாலேயிலிருந்து வந்தது.

மாதாமாதம் ஒரு சிந்தனைப் படிவம் நிரப்பவேண்டும். நாலாம் கேள்வி: இந்த மாதம் நீங்கள் சந்தித்த ஆழமான நெருக்கடி எது? அண்ணை 'இல்லை' என்று எழுதினார். ஐந்தாம் கேள்வி: குறைவானவற்றோடு மகிழ்ந்திருப்பது பற்றி அந்த மக்கள் உங்களுக்குக் கற்பித்தது என்ன? 'அவர்கள் மகிழ்ந்திருக்கவில்லை. ஏழாம் வகுப்புக்குக் கூரை வேண்டும் என்கிறார்கள்' என்று எழுதினார். ஆறாம் கேள்வி: ஒரு வர்ணத்தால் உங்கள் மாதத்தைச் சொல்லுங்கள். 'கறுப்பு. பலகைக்குப் பூசினோம்.'

கறுப்பு என்ற அந்தச் சொல் சங்கத்தில் நம்பிக்கையைக் கிளப்பியது. உடனே மால்ட்டே தொலைபேசியில் அழைப்பு ஒழுங்குசெய்தான். தொடர்பு கிடைப்பதற்கு அண்ணை முக்கால் மணித்தியாலம் குன்று ஏறவேண்டும். வியாழக்கிழமை பின்னேரப் பாடத்தை விட்டுவிட்டு ஏறினார். மால்ட்டே அரை மணித்தியாலம் அக்கறையோடு கேட்டான், நித்திரை வருகிறதா, அழுகை வருகிறதா என்று. அண்ணை சதவீதம் முடித்துவிட்டதாகவும், விகிதம் தொடங்கப்போவதாகவும் சொன்னார். 'குரல் உற்சாகமாக இருக்கிறது. கவலைக்குரியது' என்று அறிக்கை எழுதப்பட்டது.

அடுத்து இணையத்தளத்துக்குப் படம் கேட்டார்கள். அண்ணை கரும்பலகையைப் படம் பிடித்து அனுப்பினார். ஆட்கள் வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு நடுவில் நின்று அனுப்பினார். படம் அருமை, ஆனால் இதில் தன்னார்வலர் யார் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை என்று பதில் வந்தது. வசனம் அப்படியே இருந்தது. என்னிடமும் இருக்கிறது. தீர்வாக, சங்கத்தின் பெயர் பொறித்த செம்மஞ்சள் சட்டை ஒன்றைத் தபாலில் அனுப்பினார்கள். வேறொன்றும் அனுப்பவில்லை, கரும்பலகைக்கு ஒரு பெட்டி சோக் கூட.

டிசம்பர் நத்தாருக்குப் பிறகு நெருக்கடிப் பொதி வந்தது. அதில் ஒரு மெழுகுதிரி, ஒரு சொக்கலேற், 'என் கண்ணீருக்கு அனுமதி' என்று தலைப்பிட்ட வெற்றுக் குறிப்பேடு. குறிப்பேட்டின் தாள்களைக் கிழித்து அண்ணை பரீட்சைக் கேள்விகள் எழுதினார். மார்ச்சில் திருமதி கும்வென்டாவுக்கே சங்கம் கடிதம் எழுதி, தன்னார்வலர் தனிமையில் அழுவதைக் கண்டதுண்டா என்று விசாரித்தது. அவர் மரியாதையாகப் பதில் எழுதினார்: 'அவருக்கு அழ நேரமில்லை. எங்களுக்கும் அவர் வேண்டும்.'

ஏப்ரல் நடுவில் மின்னஞ்சல் வந்தது. ஏழாம் மாதம் முடிந்தும் நெருக்கடி எதையும் தெரிவிக்காதவர், அதை உள்ளே புதைத்து வைத்திருக்கிறார் என்றே கருதப்படுவார். வழிகாட்டி நெறி பதினொன்றின்படி அவர் ஹாலேக்கு வந்து தெளிவுபடுத்தும் உரையாடலில் பங்குகொள்ளவேண்டும். மறுத்தால் காப்புறுதியும் அங்கே தங்கும் அனுமதியும் அன்றே ரத்து.

குன்றிலிருந்து என்னை அழைத்தார். "பிள்ளை, வட்டத்தின்ர பரப்பளவு தொடங்கேல்லை. பரீட்சைக்கு இன்னும் நாலு கிழமை. நாலு நாளில திரும்பலாமெண்டு சொல்லுறாங்கள். போட்டு வாறன், என்ன?"

"வாங்கோ அண்ணை. வராட்டி ரத்தெண்டு தெளிவா எழுதியிருக்கினம், எதிர்க்க ஏலாது" என்றேன். சட்டம் தெரிந்தவள் என்ற நினைப்பில் சொன்னேன்.

வந்தார். இங்கே உயிர்த்த ஞாயிறு விடுமுறை. சங்கத்தில் ஒருவரும் இல்லை. அது முடிய டொக்டர் லூடெக்கே வேலைச் சுமையில் எரிந்து தீர்ந்துபோகாமல் இருப்பதற்கான ஓய்வில் போனார். பிறகு மே முதலாம் தேதி. அது வியாழன் ஆனபடியால் வெள்ளியும் விடுமுறை. ஒவ்வொரு முறையும் அண்ணையின் டெர்மின், அதாவது சந்திப்புக்கான தேதி, ஒரு கிழமை தள்ளிப்போனது. அவர் எர்லாங்கனில் தன் சமையலறை மேசையில் இருந்து வட்டம் கீறி, கணக்குச் செய்து, படம் பிடித்து அனுப்பினார். திருமதி கும்வென்டா குன்று ஏறி அதைத் தொலைபேசியில் இறக்கி, கீழே போய்ப் பலகையில் எழுதினார். அவருக்கு அந்தப் பாடம் வராது. இலக்கம் இலக்கமாகப் பார்த்து எழுதினார். இரண்டாம் கிழமை சங்கத்துக்கு இது தெரியவந்தது. தெளிவுபடுத்தும் காலத்தில் களத்தோடு தொடர்பு வைத்திருப்பது பிரிவின் வலியை மழுங்கடிக்கும் என்று தடை உத்தரவு வந்தது. அண்ணை அதை மீறினார். மீறினால் திரும்ப அனுப்பமாட்டோம் என்று இரண்டாம் கடிதம் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

கடைசியில் டெர்மின் கிடைத்தது. மே இரண்டாம் கிழமை, காலை ஒன்பது மணி. அங்கே கணிதப் பரீட்சை அதே நாள், காலை எட்டு மணி. இந்தக் காலத்தில் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கூட்டிவரலாம் என்று விதி இருந்தது. நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

ஒரு பெரிய அறை. கதிரைகளை வட்டமாகப் போட்டுச் சங்கத்தார் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு துணி, துணியில் ஒரு ஆற்றுக்கல். கல் யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். டொக்டர் லூடெக்கே கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் பேசினார்.

"திரு தம்பித்துரை, எங்கள் சங்கம் கணிதம் கற்பிப்பதற்காக இல்லை. கணிதம் எங்கும் உண்டு. நாங்கள் மனிதர்களை உடைத்து, கற்றுக்கொள்ள வைத்து, பரந்த மனத்தோடு ஜெர்மனிக்குத் திருப்பித் தருகிறோம். அந்தப் பள்ளிக்கூடம் உங்களுக்கான கண்ணாடி. நீங்களோ அதில் உங்கள் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பதினேழு இளைஞர்கள் மூன்றாம் மாதம் அழுதார்கள். ஒருவர் ஒரு கிழமை கட்டிலைவிட்டு எழவில்லை. அவ்வளவு அழகான அறிக்கை. உங்களிடமிருந்து எங்களுக்குப் பின்னங்கள்தான் வந்தன."

அண்ணை கல்லுக்குக் கை நீட்டினார். கொடுத்தார்கள். "இப்போது அங்கே பரீட்சை நடக்கிறது. வட்டம் பாதியில் நிற்கிறது. இரண்டாம் தாள் நாளை மறுநாள். என்னை இன்றே அனுப்பினால் ஒரு பின்னேரமாவது கிடைக்கும்" என்றார் ஜெர்மனில்.

மால்ட்டே கல்லை வாங்கினான். "அவர்களுக்கு நீங்கள் தேவை என்ற எண்ணம் உங்களுக்கு முக்கியமாக இருக்கிறது. அதை ஒருமுறை உடம்பில் எங்கே உணர்கிறீர்கள் என்று பார்ப்போமா?"

அண்ணை அந்தக் கல்லை அவனிடமிருந்து பறித்தார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. முதலில் ஜெர்மனில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு மாறினார்.

"எழுபத்தொரு பிள்ளையள். அதுகளுக்கு இது ஒருக்காத்தான் வரும். இங்க என்ர சான்றிதழ் கூடாதெண்டியள், பேசாம கிழங்கு உரிச்சன். அங்க பிள்ளையளிட்ட போகவிட்டியள், சந்தோஷமா இருந்தன். சந்தோஷமா இருந்தது பிழையெண்டு கூட்டிக்கொண்டு வந்து, கல்லைத் தந்து கதைக்கச் சொல்லுறியள். நான் அழவேணுமெண்டதுக்காக அதுகளின்ர வருஷத்தைத் திண்டுபோட்டியளேயடா."

சொல்லி முடிக்கும்போது அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லும் விடாமல்.

டொக்டர் லூடெக்கே கண்ணை மூடித் தலையசைத்தார். மால்ட்டே எழும்பிப் போய், சுவரில் இருந்த வளைகோட்டின் அடிப்பள்ளத்தில் அண்ணையின் பெயர் எழுதிய சிவப்பு ஊசி ஒன்றைக் குத்தினான். அவனுடைய கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு எல்லோரும் கதிரைக் கையில் விரல்முட்டியால் தட்டினார்கள். அதுதான் இங்கே கைதட்டு.

"வந்துவிட்டது" என்றார் டொக்டர் லூடெக்கே. "ஐந்து மாதம் தாமதம், ஆனால் எவ்வளவு தூய்மையாக வந்தது."

கலாசாரங்களுக்கிடையிலான கற்றல் வெற்றிகரமாக நிறைவேறியது என்று அந்த இடத்திலேயே சான்றிதழ் ஒப்பமிட்டுத் தந்தார்கள். அப்படியானால் திரும்பப் போகலாமா என்று அண்ணை கேட்டார். போகமுடியாதாம். அதிர்ச்சியை அடைந்தவரை உடனே களத்துக்கு அனுப்புவது பாதுகாப்பு விதிக்கு முரண். அடுத்த வருஷம் புதிதாக விண்ணப்பிக்கலாம். அந்தத் துணியையும் வளைகோட்டையும் அவர்களுடைய ஈரக் கண்களையும் பார்க்க ஏலாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கு அண்ணையின் தொலைபேசியில் செய்தி வந்தது. திருமதி கும்வென்டா பரீட்சை முடிந்த கையோடு குன்று ஏறியிருக்கிறார். அண்ணை வாசித்துவிட்டுத் தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். என்ன செய்தி, பகிர்ந்துகொள்ளலாமே என்றார் டொக்டர் லூடெக்கே. அண்ணை எடுத்து ஜெர்மனில் வாசித்தார்.

"ஏழு கேள்வி வட்டத்தில் வந்தது. அந்த இடத்தில் எல்லோரும் பேனையை வைத்துவிட்டுக் கைகட்டி இருந்தார்கள். ஆசிரியர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள்."

மால்ட்டே நெஞ்சில் கை வைத்தான். டொக்டர் லூடெக்கே பேனையை எடுத்துக்கொண்டார். பிறகு, "அந்தக் கடைசி வசனம்... அதை எங்கள் ஆண்டறிக்கையின் முன்பக்கத்தில் போட அனுமதிப்பீர்களா?" என்றார்.

அண்ணை முப்பத்திமூன்று வருஷமாக ஜெர்மன் பேசுகிறவர். என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உவ என்ன கேக்கிறா?"

சொன்னேன்.

"அப்பிடித்தான் எனக்கும் விளங்கினது" என்றுவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார். அனுமதி கொடுக்கவில்லை.

ஆண்டறிக்கை ஜூலையில் வந்தது. அந்த வசனம் முன்பக்கத்தில் இருக்கிறது. எழுபத்தொரு பேரில் ஒன்பது பேருக்குத்தான் மேல்பள்ளியில் இடம் கிடைத்தது. அது எந்தப் பக்கத்திலும் இல்லை.